கிளிஞ்சல் தந்த ஏரி, கொத்தனார் ஆகும் இளைஞர்கள்: பூச்சு, சுதை வேலையில் எதிர்காலம் இருக்கிறதா?

கடலோர ஊரில் வீடு கட்டியவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. குடிபோன இரண்டு, மூன்று வருஷத்திலேயே சுவரின் அடிப்பகுதி வெளுக்க ஆரம்பிக்கும். முதலில் முழங்கால் உயரம், அப்புறம் இடுப்பு உயரம். பெயின்ட் கொப்பளிக்கும். கை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டும். ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகக் கீழே விழும். கொத்தனாரைக் கூப்பிட்டால் பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமென்ட்டைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுப் பூசித் தருவார். அடுத்த இரண்டு வருஷத்தில் மறுபடியும் அதே கதை.

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் இருக்கும் பழவேற்காடு ஏரியைச் சுற்றிய மீனவக் குப்பங்களுக்கு இந்தச் சுவர் ரொம்பவே நெருக்கம். ஒருபக்கம் கடல், மறுபக்கம் உப்புநீர் ஏரி. ஆனா இதில் ஒரு முரண் இருக்கு. சிமென்ட் வருவதற்கு முன்னால், சுவர்ப் பூச்சுக்கான மூலப்பொருளை வெளியே அனுப்பிய ஏரியே இதுதான்.

இன்று இந்தக் குப்பங்களில் வளரும் இளைஞர்களில் மீன்பிடியை மட்டும் நம்ப முடியாதவர்கள் அதிகம். அவர்கள் முன்னால் இருக்கும் வேலைகளில் ஒன்று கட்டட வேலை. அது வெறும் கூலி வேலையா, இல்லை வாழ்நாள் முழுக்கக் கைகொடுக்கும் தொழிலா? பூச்சு வேலை, சுதை வேலை என்றால் என்ன, அதில் எப்படிச் சேர்வது, எவ்வளவு கிடைக்கும், எதில் கவனமாக இருக்கணும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பழவேற்காட்டில் ஏன் இந்தக் கேள்வி?

இந்தியாவில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய உப்புநீர் ஏரி பழவேற்காடு. இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்தில் வருகிறது. கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் ‘பாடு’ என்று ஒரு முறை தலைமுறைகளாக நடைமுறையில் இருக்கிறது. ஏரியில் இறால் பிடிக்க எந்த இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதைச் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பிரித்துக்கொள்வார்கள். ஒரே இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஊரே போட்டுக்கொண்ட சட்டம் அது.

ஆனா பங்கு கேட்கும் குடும்பங்கள் கூடிக்கொண்டே போக, ஏரி அப்படியே இருப்பதில்லை. கடலும் ஏரியும் சேரும் முகத்துவாரம் மணலால் அடைபட்டால் படகும் போக முடியாது, கடலில் இருந்து மீன்குஞ்சும் இறாலும் உள்ளே வர முடியாது. தெற்கே எண்ணூர் பகுதியில் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் வந்தபிறகு மீன்வளம் குறைந்துவிட்டது என்பது மீனவர்களின் நீண்டகாலப் புகார். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் பாதுகாப்பு காரணமாகக் கடலுக்குப் போகக் கூடாது. புயல் எச்சரிக்கை நாட்கள் தனி.

ஆக, வலைக்குப் போகாத நாட்களில் கையில் காசு வர இன்னொரு வழி தேவை. சுமார் 20 கி.மீ. தள்ளி இருக்கும் பொன்னேரிக்குப் பஸ், அங்கிருந்து சென்னைக்கு மின்சார ரயில். மாநகரில் எந்நேரமும் ஆள் கேட்கும் வேலை, கட்டட வேலை. பிரச்சினை என்னன்னா, அந்த வேலைக்குள் நுழைவது சுலபம். அதில் மேலே ஏறுவதுதான் கஷ்டம்.

கிளிஞ்சல் எப்படிச் சுவர் ஆனது?

கிளிஞ்சல் என்பது கால்சியம் கார்பனேட். அதைக் காளவாயில் அடுக்கி சுமார் 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால், உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் ஊற்றினால் ‘புஸ்’ஸென்று கொதித்துப் பொடியும். இதைத்தான் நீற்றுவது என்பார்கள். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு சேர்த்து அரைத்தால் சாந்து. அந்தச் சாந்தைச் சுவரில் பூசியதும், அது காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை மெல்ல மெல்ல உறிஞ்சி, திரும்பவும் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். எளிமையாகச் சொன்னால், கிளிஞ்சல் சாந்தாகி, சுவரில் ஏறி, மறுபடியும் கிளிஞ்சல் ஆகிவிடுகிறது.

பழவேற்காடு ஏரியின் அடியில் கிளிஞ்சல் படிவுகள் பெரிய அளவில் இருந்தன. அவை சுண்ணாம்புக்காக அள்ளப்பட்டன. 1800-களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாய், பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1878-ல் அதற்கு பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயர் வந்தது. உப்பு, விறகு போன்ற சரக்குகளோடு கிளிஞ்சலும் படகேறி நகரத்துக்கு வந்த வழி அது.

அந்தக் காலத்து சென்னையின் பூச்சுக்கு உலக அளவில் பெயர் இருந்தது. ‘மெட்ராஸ் சுண்ணாம்பு’ என்று ஆங்கிலேயர்கள் வியந்து எழுதியது இதைத்தான். மூன்று பூச்சு. முதல் பூச்சில் கிளிஞ்சல் சுண்ணாம்பும் மணலும் வெல்லத் தண்ணீரும். இரண்டாவது அதைவிட நைஸ். மூன்றாவதில் வெண்மையான சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, தயிர், நெய் எல்லாம் சேர்த்து வெண்ணெய் மாதிரி அரைத்து, மெல்லியதாகப் பூசி, வழவழப்பான கல்லால் மணிக்கணக்கில் தேய்ப்பார்கள். மேலே மாக்கல் பொடி தூவுவார்கள். காய்ந்ததும் பளிங்கு போல மின்னும். 1821-ல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித ஆண்ட்ரூ தேவாலயத்தின் உள்தூண்கள் இதற்குப் பேர்போன உதாரணம்.

பழவேற்காட்டிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். பல ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுதான் தலைமையிடம். கோட்டை இப்போது இல்லை. ஆனால் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் டச்சு கல்லறைத் தோட்டத்தில், செங்கல் கட்டி சுண்ணாம்பு பூசிய சமாதிகளை இன்றைக்கும் பார்க்கலாம்.

அப்போ சிமென்ட் பூச்சு ஏன் பொரிகிறது?

உப்புநீர் உள்ள மண்ணில் நிற்கும் சுவர், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பது போல ஈரத்தை மேலே இழுக்கும். அந்த ஈரத்தோடு உப்பும் ஏறும். தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. சிமென்ட் பூச்சு இறுக்கமானது, ஈரத்தைச் சுலபமாக வெளியே விடாது. அதனால் பூச்சுக்குப் பின்னாலேயே உப்பு படிகமாகச் சேரும். படிகம் வளர வளர பூச்சைத் தள்ளும். கடைசியில் பாளமாகப் பெயர்ந்து விழும். கட்டும்போதே கழுவாத கடற்கரை மணலையும் உப்புத் தண்ணீரையும் கலவையில் சேர்த்திருந்தால், உப்பு வெளியில் இருந்து வரவே வேண்டாம். கம்பி இருக்கும் இடமென்றால் துருவும் சேர்ந்துகொள்ளும்.

சுண்ணாம்புப் பூச்சு அப்படியில்லை. அதில் நுண்துளைகள் அதிகம். ஈரம் வெளியேற வழிவிடும். உப்பு தாக்கினாலும் பெரும்பாலும் பூச்சு மட்டும் தேயும், உள்ளே இருக்கும் செங்கல் தப்பிக்கும். தேய்ந்த இடத்தில் மறுபடி பூசிக்கொள்ளலாம்.

இதற்காக எல்லா வீட்டுக்கும் சுண்ணாம்புதான் பூசணும் என்று அர்த்தமில்லை. அது மெதுவாக இறுகும், உழைப்பு அதிகம், தெரிந்த ஆள் வேணும். ஆனால் எந்தச் சுவருக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த கொத்தனாருக்கும், எல்லாவற்றுக்கும் ஒரே கலவையைப் போடும் கொத்தனாருக்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. பூச்சு வேலை வெறும் கூலியாக முடிவதும், தொழிலாக வளர்வதும் இந்த இடத்தில்தான் பிரிகிறது.

ஒருவர் எப்படிக் கொத்தனார் ஆகிறார்?

இப்போதைக்குப் பெரும்பாலும் ஒரே வழிதான். தெரிந்தவர் மூலமாக ஒரு மேஸ்திரியிடம் ஆளாகச் சேர்வது. முதலில் சாந்து கலக்குவது, பாண்டில் அள்ளிக் கொடுப்பது, சாரத்துக்குத் தூக்கிச் செல்வது. கொஞ்ச காலம் கழித்து, கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் கரண்டியைத் தொட்டுப் பார்ப்பது. அப்புறம் மூலை முடுக்கில், யார் கண்ணிலும் படாத சுவரில் பூசிப் பார்க்க அனுமதி. பிறகு பாதிக் கொத்தனார், முழுக் கொத்தனார். ஆள் சேர்த்து வேலை எடுக்க ஆரம்பித்தால் மேஸ்திரி.

பூச்சு வேலை பார்க்க எளிதாகத் தெரியும். செய்து பார்த்தால் தெரியும் கதை. தூக்குக்குண்டு விட்டுச் சுவரின் நேர் பார்க்கணும். ஆங்காங்கே பில்லை வைத்து கனம் குறிக்கணும். இரண்டு பில்லைக்கு நடுவே சாந்தை அடித்து, மட்டப்பலகையால் இழுத்துச் சமன் செய்யணும். மணியாஸ் கட்டையால் தேய்த்து முடிக்கணும். இதெல்லாம் சாந்து இறுகுவதற்குள் நடக்கணும். உள்சுவருக்கு வழக்கமாக 12 மி.மீ. கனம், வெளிச்சுவருக்கு 15 முதல் 20 மி.மீ. வரை. உள்பூச்சுக்கு ஒரு பங்கு சிமென்ட்டுக்கு ஐந்து, ஆறு பங்கு மணல் போதும். வெளிப்பூச்சுக்கும் கூரைக்கும் மணல் பங்கு குறையும். முடித்தபிறகு குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விடணும். கையும் கண்ணும் பழக வருஷங்கள் ஆகும்.

இந்த வழியில் இரண்டு சிக்கல். ஒன்று, கற்றுக்கொடுக்க யாருக்கும் கட்டாயம் இல்லை. ஐந்து வருஷம் கழித்தும் ஆளாகவே இருப்பவர்கள் உண்டு. தூக்கிக்கொடுக்க ஆள் வேண்டும் என்பதால் மேஸ்திரிக்கும் அதில் நஷ்டமில்லை. இரண்டாவது, எல்லாம் தெரிந்தபிறகும் கையில் ஒரு காகிதம் இருக்காது. சென்னையில் ஒரு பெரிய நிறுவனமோ, வெளிநாட்டு முதலாளியோ ‘சர்டிஃபிகேட் இருக்கா?’ என்று கேட்டால் பதில் இருக்காது.

ஜெர்மனியில் இதே வேலைக்கு மூன்று வருஷ அரசு அங்கீகாரம் பெற்ற பயிற்சி இருக்கிறது. தளத்தில் வேலையும் வகுப்பும் சேர்ந்தே நடக்கும். பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகை. அதற்கு மேல் ‘மாஸ்டர்’ தேர்வும் உண்டு. அங்கே ஒரு பூச்சுக்காரர் தொழில் கற்றவர் என்று ஏட்டில் இருக்கிறது. இங்கே அது மேஸ்திரியின் வாய்வார்த்தையில் மட்டும் இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்?

ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலங்கள் பற்றிய புள்ளிவிவரக் கையேட்டின்படி, 2022-23-ல் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் ஆண் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி 500.9 ரூபாய். தேசிய சராசரி 393.3 ரூபாய். கேரளாவில் 852.5 ரூபாய். நகரத்தில், தேர்ந்த கொத்தனாருக்குக் கூலி இதைவிட அதிகம்.

ஆனா தினக்கூலியை மாதத்தின் 30 நாளோடு பெருக்கிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். மழை நாள், மெட்டீரியல் வராத நாள், ஒரு தளம் முடிந்து அடுத்தது கிடைக்காத நாள் எல்லாவற்றையும் கழிக்கணும். அதனால் பூச்சு வேலையில் மூன்று விதக் கணக்கு ஓடுகிறது. தினக்கூலி: ரிஸ்க் குறைவு, வளர்ச்சியும் குறைவு. சதுர அடி ரேட்: வேகமும் சுத்தமும் இருந்தால் வருமானம் கூடும், தப்பினால் மறுபடி பூசுவது உங்கள் செலவு. நேரடி கான்ட்ராக்ட்: நாலு பேரை வைத்து வேலை எடுப்பது. இதில்தான் லாபம். ஆனால் அளவெடுக்க, எஸ்டிமேட் போட, ஆட்களுக்கு வாரக்கூலி கொடுக்கக் கையில் முன்பணம் வைத்திருக்கத் தெரியணும்.

பலர் கொத்தனாராகவே நின்றுவிடுவது கைத்திறன் இல்லாததால் அல்ல. இந்தக் கணக்கு பழகாததால்.

பயிற்சி எங்கே?

ஐடிஐ: ‘மேசன் - கட்டடம் கட்டுபவர்’ என்ற ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்பு தேர்ச்சி போதும். முடித்தால் தேசிய அளவில் செல்லும் சான்றிதழ். எல்லா ஐடிஐ-யிலும் இந்தப் பிரிவு இருக்காது. எனவே சேர்க்கை நேரத்தில் எந்த நிலையத்தில் இருக்கிறது என்று பார்க்கணும்.

நிறுவனப் பயிற்சி: எல் அண்டு டி நிறுவனம் காஞ்சிபுரத்தில் கட்டுமானத் திறன் பயிற்சி மையம் நடத்துகிறது. கொத்து வேலை, கம்பி கட்டுதல், சென்ட்ரிங், பிளம்பிங், எலெக்ட்ரிக்கல் போன்ற பிரிவுகளில் சில மாதங்களுக்கான பயிற்சி.

முன்திறன் அங்கீகாரம்: ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கானது. மத்திய அரசின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில், முழுப் படிப்பும் படிக்காமல் தேர்வு எழுதி, செய்து காட்டி, சான்றிதழ் வாங்கலாம். பத்து வருஷம் கரண்டி பிடித்தவர் கையில் காகிதம் இல்லாத குறையைத் தீர்க்க இது நேர்வழி.

நல வாரியம்: இது பயிற்சியைவிட முதலில் செய்ய வேண்டியது. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை. பிள்ளைகளின் படிப்பு உதவி, திருமண உதவி, விபத்து மற்றும் மரண இழப்பீடு, 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் இதன் வழியாகத்தான். இதற்கான பணம், கட்டடம் கட்டுபவரிடம் வசூலிக்கும் ஒரு சதவீத வரியிலிருந்து வருகிறது. அதாவது நீங்கள் பூசும் சுவரின் செலவில் ஒரு பங்கு ஏற்கெனவே உங்கள் பெயரில் ஒதுக்கப்படுகிறது. பதிவு இல்லையென்றால் அதைக் கேட்க முடியாது. பதிவைக் காலாவதி ஆகாமல் புதுப்பிப்பதும் முக்கியம்.

சுதை வேலை என்றால் என்ன?

கோபுரத்தில் நிற்கும் தெய்வங்கள், துவாரபாலகர்கள், யாளிகள் பெரும்பாலும் கல் இல்லை, சுதை. உள்ளே செங்கல்லோ கம்பியோ கட்டி உருவத்தின் எலும்புக்கூட்டை அமைப்பார்கள். அதன்மேல் கரடுமுரடாக ஒரு சாந்து. பிறகு நைஸ் சாந்தை அடுக்கடுக்காக ஏற்றி, சிறிய கரண்டியால் முகம், விரல், நகை என்று செதுக்குவார்கள். முன்பு கடுக்காய், வெல்லம் ஊறிய தண்ணீரில் அரைத்த சுண்ணாம்பு. இன்று பெரும்பாலான இடங்களில் சிமென்ட்.

பரம்பரையாக ஸ்தபதி குடும்பங்களில் இருந்த இந்தக் கலையைக் கல்லூரியில் சேர்ந்தும் படிக்கலாம். மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கப்பட்ட அரசு கட்டடக்கலை மற்றும் சிற்பக்கலைக் கல்லூரியில் கல், மரம், உலோகம், சுதை என்று தனித்தனியாக நான்காண்டு பட்டப்படிப்புகள் இருக்கின்றன. பிளஸ் டூ முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பழவேற்காட்டுப் பையனோ பெண்ணோ இதில் சேர குடும்பத்தில் சிற்பி இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வரையத் தெரிந்திருப்பதும் பொறுமையும் பெரிய பலம்.

வேலை வாய்ப்பு? கோயில்களில் 12 வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்வது மரபு. ஒவ்வொரு முறையும் கோபுரத்தில் உடைந்த விரல், விழுந்த கிரீடம், வெடித்த முகம் எல்லாம் சரிசெய்யணும். ஆகவே வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் வேலை ஊர் ஊராக அலையும். ஒரு கோயிலில் ஆறு மாதம், அடுத்த கோயிலில் நான்கு மாதம். வீட்டை விட்டு இருக்கத் தயாராக இருக்கணும்.

பழைய கட்டடங்கள் திறக்கும் கதவு

சேப்பாக்கத்தில் 1768-ல் ஆற்காடு நவாப் கட்டிய கலஸ் மகால் 2012 ஜனவரியில் தீயில் எரிந்தது. இடித்துவிடாமல், சுண்ணாம்புச் சாந்து போன்ற பழைய முறைகளிலேயே பொதுப்பணித் துறை அதை மீட்டது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இப்போது அங்கேதான் செயல்படுகிறது. பக்கத்தில் உள்ள ஹுமாயூன் மகாலும் அப்படியே மீட்கப்பட்டது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கோயில்களையும் தொன்மையான சின்னங்களையும் பாதுகாக்க 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. பழைய கட்டடத்தைக் கண்டபடி சிமென்ட் பூசி ‘புதுப்பிக்கும்’ காலம் மெல்ல மாறுகிறது.

இந்த வேலைகளில் தேவைப்படுவது வேறு வகைக் கொத்தனார். சுண்ணாம்பை எத்தனை நாள் ஊறவைக்கணும், சாந்து அரைபட்டது போதுமா என்று விரலால் தொட்டுச் சொல்லணும். அவசரப்படாமல் மெல்லிய பூச்சுகளாகப் பூசணும். இப்படிப்பட்டவர்கள் குறைவு என்பதால் மதிப்பு அதிகம். இந்தத் திறனைக் கற்க நல்ல இடம், நடந்துகொண்டிருக்கும் ஒரு மீட்புப் பணியேதான். அங்கே ஆளாகச் சேர்வதும், சாதாரண அடுக்குமாடித் தளத்தில் ஆளாகச் சேர்வதும் முதல் நாள் கூலியில் ஒன்றாக இருக்கலாம். ஐந்தாவது வருஷத்தில் ஒன்றாக இருக்காது.

அதற்காக ஏரியில் மறுபடி கிளிஞ்சல் அள்ளணும் என்றில்லை. பழவேற்காடு இன்று பறவைகள் சரணாலயம். சந்தையில் கிடைக்கும் சுண்ணாம்பு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லில் இருந்து வருகிறது. ஊருக்குத் திரும்ப வேண்டியது பொருள் அல்ல, கைப்பழக்கம்.

மெஷின் வந்தால் வேலை போகுமா?

ஓரளவுக்குப் போகும் என்பதே நேர்மையான பதில். பெரிய அடுக்குமாடிகளில் அலுமினிய அச்சு வைத்து, சுவரையும் கூரையையும் ஒரே வார்ப்பாக கான்கிரீட்டில் ஊற்றுகிறார்கள். அங்கே மேற்பரப்பு வழவழப்பாக வருவதால் பூச்சே தேவையில்லை, பட்டி பார்த்தால் போதும். உள்சுவர்களுக்கு ஜிப்சம் பூச்சு பரவுகிறது. தண்ணீர் மட்டும் சேர்க்கும் ரெடிமிக்ஸ் கலவையும், சாந்தைப் பீய்ச்சி அடிக்கும் இயந்திரமும் வந்துவிட்டன. வட மாநிலங்களிலிருந்து குழுவாக வரும் தொழிலாளர்களோடு போட்டியும் உண்டு.

தனி வீடுகள், பழுது பார்த்தல், உப்பு அரித்த சுவர்களைச் சரிசெய்தல், பழைய கட்டடங்கள், கோயில்கள் ஆகியவற்றில் இயந்திரம் அவ்வளவு சீக்கிரம் நுழையாது. ஒவ்வொரு சுவரும் வேறு மாதிரி இருப்பதுதான் காரணம். வெறும் சதுர அடி வேகத்தை மட்டும் நம்பினால் ஆபத்து. சுவரின் நோயைக் கண்டுபிடிக்கத் தெரிந்தால் நீடிக்கலாம்.

உடம்பு என்ன ஆகும்?

இதை மறைத்துவிட்டு எந்தத் தொழிலையும் சிபாரிசு செய்ய முடியாது. சிமென்ட்டும் சுண்ணாம்பும் தோலை அரிக்கும். விரலிடுக்கில் வெடிப்பும் அரிப்பும் கொத்தனார்களுக்கு வாடிக்கை. சுண்ணாம்பு நீற்றும்போது தெறித்தால் சுடும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, உடனே நிறைய தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு ஓடணும். பழைய பூச்சைக் கொத்தும்போது பறக்கும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல். சாரத்திலிருந்து விழுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து. கையுறை, கண்ணாடி, மாஸ்க், ஹெல்மெட், உயரத்தில் பெல்ட். ‘இதெல்லாம் போட்டா வேலை ஓடாது’ என்று சொல்பவர்களிடம்தான் முதலில் எச்சரிக்கையாக இருக்கணும்.

பெண்களுக்கு இடம் உண்டா?

தமிழ்நாட்டுக் கட்டடத் தளங்களில் பெண்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள், சித்தாளாக. ஆணாகச் சேர்ந்தவர் ஒருநாள் கொத்தனார் ஆகலாம். சித்தாள் பத்து, இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான். சாந்தின் பதம் அவருக்குத் தெரியாததல்ல, தினமும் கலந்து கொடுப்பவரே அவர்தான். கரண்டி கைக்கு வருவதில்லை, அவ்வளவுதான். மேஸ்திரி வழி மட்டுமே வழியாக இருக்கும்வரை இது மாறுவது கடினம். ஐடிஐ, மாமல்லபுரம் கல்லூரி, திறன் தேர்வு போன்ற வழிகளில் சேர்க்கைக்கு மேஸ்திரியின் தயவு தேவையில்லை. அந்த வகையில், பயிற்சி நிலையங்கள் ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் கூடுதல் முக்கியம்.

வெளிநாடு போகலாமா?

வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பூச்சு வேலைக்கு ஆள் தேவை உண்டு. சிங்கப்பூர் கட்டுமான வேலைக்குத் திறன் தேர்வு தேற வேண்டியிருக்கும். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட், வளைகுடா உள்ளிட்ட குறிப்பிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகையில் வரும். ஏஜென்ட் மூலமாகப் போவதென்றால், அவர் அரசிடம் பதிவுபெற்றவராக இருக்க வேண்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகவும் முயற்சி செய்யலாம். ‘டூரிஸ்ட் விசாவில் போய் அங்கே மாத்திக்கலாம்’ என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்வது நல்லது.

அப்போ எங்கிருந்து தொடங்குவது?

மீன்பிடியை விட்டுவிடணும் என்று யாரும் முடிவெடுக்க வேண்டிய அவசியமில்லை. பாட்டில் முறை வரும் நாளில் ஏரிக்கும், மற்ற நாட்களில் தளத்துக்கும் போகும் குடும்பங்கள் இருக்கத்தான் செய்யும். ஆனால் தளத்துக்குப் போகும் நாட்கள் எதையாவது சேர்த்துவைக்கணும். அதற்கு நான்கு விஷயம் போதும். வேலைக்குப் போகும் முதல் வருஷமே நல வாரியப் பதிவு. சேரும்போதே ‘எப்போ கரண்டி பிடிக்க விடுவீங்க?’ என்று மேஸ்திரியிடம் பேசிக்கொள்வது. வேலை ஓரளவு கைவந்ததும் சான்றிதழ். சிமென்ட்டோடு நிற்காமல் சுண்ணாம்பிலும் ஒரு வருஷமாவது பழகுவது.

உப்பு அரித்த சுவர் பழவேற்காட்டில் மட்டுமில்லை, எண்ணூர் முதல் கன்னியாகுமரி வரை கடலோரம் முழுக்க இருக்கிறது. அந்தச் சுவரைப் பார்த்துப் பழகி வளர்ந்தவர்களே அதைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டால், வேலை தேடி எப்போதும் சென்னைக்கு ரயிலேற வேண்டியிருக்காது. முதல் வாடிக்கையாளர் பக்கத்து வீட்டிலேயே இருக்கலாம்.